பொழி திறந்திருக்கிறதா? பழையாற்றங்கரையில் குளிர்காலப் பறவைகள்

குமரி மாவட்டத்தில் குளிர்காலம் என்று எடுத்துச் சொல்லும்படி குளிர் எதுவும் இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. மார்கழி விடியலில் சற்றே பனி இறங்குகிறது. தையில் வெயில் ஏறத் தொடங்குகிறது. மாசியில் கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல்லின் அறுப்பு வந்துவிடுகிறது. ஆனால் மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் ஏரிகள் உறைந்துபோகும் இந்த மாதங்களில்தான் அங்கிருந்து கிளம்பிய வாத்துகளும் உள்ளான் என்னும் கரைப்பறவைகளும் நம்முடைய குளங்களிலும் ஆற்றுமுகத்திலும் வந்து இறங்குகின்றன. பழையாற்றின் கரையில் பல பருவங்களாக அவற்றைப் பார்த்து வருவதில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. எந்தப் பறவை எங்கே இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது தேதியோ குளிரோ அல்ல, அந்த வாரத்தில் அந்த இடத்தில் நிற்கும் தண்ணீரின் ஆழம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதைப் பற்றியதே.

பழையாறு நீளமான ஆறு அல்ல. மகேந்திரகிரி மலைப்பக்கம் சுருளகோட்டை ஒட்டித் தொடங்கி, பூதப்பாண்டி வழியாக நாஞ்சில் நாட்டு வயல்களுக்குள் புகுந்து, சுசீந்திரத்தைக் கடந்து, மணக்குடியில் காயலாகி அகன்று கடலில் சேர்கிறது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீரும் கால்வாய் வழியே இதில் வந்து கலப்பதால், வானத்தில் மழை இல்லாத வாரத்திலும் ஆற்றில் தண்ணீர் இருக்கும். வழியெங்கும் தடுப்பணைகள், அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், வாய்க்கால்கள் நிரப்பும் குளங்கள், குளங்கள் பாய்ச்சும் வயல்கள் என்று ஒன்றோடொன்று பிணைந்த அமைப்பு இது. ஆகவே இங்கே ஆற்றை மட்டும் தனியே பார்ப்பதில் பொருள் இல்லை. ஒரு மடையைத் திறந்தால் ஒரு குளத்தில் தண்ணீர் இறங்குகிறது, இன்னொரு பக்கம் வயல் நிரம்புகிறது, பறவைகள் இடம் மாறிவிடுகின்றன.

ஆழத்தைப் பறவையின் காலோடும் அலகோடும் பொருத்திப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சிறு கொசு உள்ளானுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் ஈரம் மின்னும் சேறு போதும். விரற்கடை அளவு தண்ணீர் ஏறினாலே அவை விலகிவிடும். பவளக்காலியும் பச்சைக்காலியும் கணுக்கால் நனையும் இடத்தில் மேயும். நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் தண்ணீரிலும் சாவகாசமாக நடக்கும். ஊசிவால் வாத்து தலையைக் கீழே விட்டு வாலை மேலே தூக்கிக்கொண்டு அடியில் உள்ளதைப் பறித்துத் தின்பதால், கழுத்து எட்டும் ஆழம் அதற்குத் தேவை. நாமக்கோழியும் முக்குளிப்பானும் முங்கி எடுப்பவை. அவற்றுக்கு ஆழம் ஒரு பொருட்டல்ல. கரையில் நின்றதும் பறவையைத் தேடாமல், முதலில் தண்ணீர் விளிம்பைப் பார்த்து, அது நேற்றைய ஈரக்கோட்டிலிருந்து இறங்கியிருக்கிறதா ஏறியிருக்கிறதா என்று கவனிப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

இதனால்தான், கார்த்திகையில் பெருமழை பெய்து குளமெல்லாம் நிரம்பியிருக்கும்போது வெளியூர் நண்பர்கள் ஆவலோடு கிளம்பி வந்து, 'ஒன்றையும் காணோமே' என்று ஏமாந்து திரும்புகிறார்கள். பறவைகள் வரவில்லை என்பதல்ல, அவை சிதறிவிட்டன. எங்கும் தண்ணீர் இருக்கும்போது எந்தப் பறவையும் ஓரிடத்தில் கூட வேண்டிய தேவை இல்லை. அந்த வாரங்களில் குளத்தை விட்டு வயலுக்குச் செல்ல வேண்டும். நடவு முடிந்து பயிர் இன்னும் மூடாத கும்பப்பூ வயலில் பொரி உள்ளான்கள் வரப்போரமாக இரை தேடும். மஞ்சள் வாலாட்டிகள் வரப்பிலேயே ஓடும். கோரை உள்ளான் நாம் மிதிக்கும் தூரத்துக்குப் போகும் வரை அசையாமல் படுத்திருந்து, பிறகு கரகரத்த ஒரு குரலோடு வளைந்து வளைந்து பறந்து போகும். பிந்தி நடும் வயல்களில் தொளி கலக்க டிராக்டர் இறங்கினால் அதன் பின்னால் கொக்குகளோடு மீசை ஆலாக்களும் தொடர்வதைக் காணலாம்.

பெருமழைக் காலத்தில் இன்னொரு இடமும் தவறவிடக்கூடாதது: குளம் நிரம்பி மறுகால் பாயும் இடம். வெளியேறும் நீரோடு மீன் துள்ளி விழுவதால், சாம்பல் நாரை, செந்நாரை, மடையான், சின்னக் கொக்கு, நீர்க்காகம் எல்லாம் அங்கே வரிசையில் நிற்கும். மனிதர்களும் வலையோடு நிற்பார்கள். இரு தரப்பும் ஒருவரையொருவர் பொருட்படுத்துவதில்லை. இது ஒரு முக்கியமான பாடத்துக்கு அடிப்படை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மணக்குடிக் காயலுக்கு வருவோம். மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் இடையே ஆறு அகன்று கிடக்கிறது. கடலோரத்தில் அலை மணலைக் கொண்டுவந்து குவித்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். இந்த வாயைத்தான் பொழி என்கிறோம். மழைவெள்ளம் பெருகும்போது பொழி தானே உடைந்துகொள்ளும், அல்லது வெட்டிவிடுவார்கள். பொழி அடைந்திருக்கும் நாட்களில் ஆற்றுநீர் வெளியேற வழியின்றிக் காயல் கரைமுட்ட நிற்கும். சேற்றுத்திட்டு ஒன்றுகூடத் தெரியாது. நடந்து மேயும் பறவைகள் அனைத்தும் அருகிலுள்ள உப்பளங்களுக்குப் போய்விடும். பொழி திறந்திருந்தால் கடலின் ஏற்றமும் வற்றமும் உள்ளே வரும். வற்றத்தில் சேறு வெளிப்படும். பவளக்காலி, பச்சைக்காலி, உள்ளான் வகைகள், உப்புக்கொத்திகள் என்று எல்லாம் அங்கே கூடிவிடும். ஆகவே மணக்குடிக்குப் புறப்படும் முன் நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். 'பொழி தெறந்து கெடக்கா அண்ணே?' என்று அங்குள்ள மீனவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்பேன். 'காயல் முட்டிக் கெடக்கு தம்பி, ரெண்டு நாள் கழிச்சு வாங்க' என்று அவர் சொன்னால், அன்று உப்பளத்துக்குப் போவேன். எந்தச் செயலியும் இந்தத் தகவலைத் தராது.

பொழி திறந்திருக்கும் நாட்களில் நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு வடநாட்டு முகத்துவாரங்களைப்போல் பெரிதல்ல. ஆயினும், தட்டையான சேற்றில் அரை அடி நீர் இறங்கினாலும் பரந்த இடம் வெளிப்பட்டுவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த வேறுபாடு அதிகம். அட்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் குறைவு. நாளுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் உண்டு. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். வற்றம் உச்சத்தில் இருக்கும்போது பறவைகள் தொலைவிலுள்ள விளிம்பு வரை பரவி மேய்வதால், பார்ப்பதற்கு நல்ல நேரம் அதுவல்ல. வற்றம் முடிந்து நீர் திரும்ப ஏறும்போது அவை சிறிது சிறிதாகக் கரைப்பக்கம் ஒதுங்கும். நாம் அசையாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால், நாம் அவற்றை நெருங்க வேண்டியதில்லை, அவையே நம்மை நோக்கி வரும்.

எங்கே உட்காருவது என்பதை வெயில் முடிவுசெய்கிறது. காயல் ஏறத்தாழ வடக்குத் தெற்காகக் கிடப்பதால், காலையில் கீழமணக்குடிப் பக்கம் நின்று மேற்கே பார்க்க வேண்டும், மாலையில் மேலமணக்குடிப் பக்கம் நின்று கிழக்கே பார்க்க வேண்டும். மாறி நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். பவளக்காலியின் சிவந்த காலுக்கும் பச்சைக்காலியின் மங்கிய பச்சைக் காலுக்கும் வேறுபாடு காண முடியாது. இரு ஊர்களையும் இணைக்கும் பாலத்தின் மேலிருந்து காயல் முழுவதும் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போனது. இப்போதிருப்பது அதன் பிறகு கட்டியது. வாகனம் அதிகம் போகும் பாலம் என்பதால், சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டு, திட்டுகள் எங்கே வெளிப்பட்டிருக்கின்றன என்று தெரிந்துகொண்டு கீழே இறங்கிவிடுவது நல்லது. கரையோர அலையாத்திச் செடிகளின் அடியில் வக்கா பகல் முழுவதும் உறங்கும். சிறு நீல மீன்கொத்தி தாழ்ந்த கிளையில் இருக்கும். விரால் அடிப்பான் வரும் ஆண்டுகளில், அது நீர்மேல் ஓரிடத்திலேயே சிறகடித்து நின்று, கால்களை முன்னே நீட்டியபடி விழுவதைக் காணலாம்.

வாத்துகளுக்குச் சுசீந்திரமும் தேரூரும். நாகர்கோவில் – கன்னியாகுமரி சாலையை ஒட்டியே சுசீந்திரம் குளம் இருக்கிறது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த தேரூரின் குளம் சற்று உள்ளே. சுசீந்திரம், தேரூர், மணக்குடி மூன்றையும் சேர்த்து 2015இல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தார்கள். 2022இல் சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகம் 94.23 ஹெக்டேர் பரப்போடு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு அதே பட்டியலில் நம் மாவட்டத்து வேம்பனூரும் சேர்ந்தது.

வாத்துகளைப் பொறுத்தவரை பகலெல்லாம் அவை உறங்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் பகலில் குளத்தின் நடுவே அலகை முதுகுச் சிறகில் செருகிக்கொண்டு மிதக்கும். பொழுது சாய்ந்த பிறகு கூட்டங்கூட்டமாகக் கிளம்பி வயல்களுக்குப் போய் இரவெல்லாம் மேயும். நடுப்பகலில் வருபவர்களுக்கு அவை வெறும் பழுப்புப் புள்ளிகளே. நான் மாலை ஐந்தரை மணிக்குக் குளத்தங்கரையில் நின்றுகொள்வேன். தை மாதத்தில் ஆறேகால் மணியளவில் சூரியன் மறைகிறது. அதற்கு முன் அரைமணி நேரம் அவை விழித்து, சிறகு உலுக்கி, தலையாட்டி, குரல் கொடுத்துக் கிளம்பத் தயாராகும். அடையாளம் காண அந்த அரைமணி நேரம் ஒரு முழுப் பகலுக்குச் சமம்.

அடையாளம் பற்றி ஒரு எச்சரிக்கை. நூல்களில் காணும் நீலச்சிறகி ஆணின் அகன்ற வெள்ளைப் புருவத்தை நவம்பரிலேயே தேடினால் கிடைக்காது. அவை இங்கே வந்து சேரும்போது ஆணும் பெண்ணைப் போலவே மங்கிய பழுப்பில் இருக்கும். தை, மாசியில்தான் அந்தப் புருவம் முழுமையாகத் தெளியும். ஆகவே முன்பருவத்தில் தலையைப் பார்க்காமல், பறக்கும்போது சிறகின் முன்புறத்தைப் பாருங்கள். ஆணாக இருந்தால் வெளிறிய நீலச்சாம்பல் நிறம் அங்கே பளிச்சென்று தெரியும். தட்டைவாயனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எந்த உடையிலும் அந்த அகன்ற அலகு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். புள்ளி மூக்கு வாத்து ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது. அலகு நுனியின் மஞ்சளைப் பார்த்துப் புதிதாய் வந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் சீசன் தொடங்கியதும் 'வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன' என்ற தலைப்போடு செய்தி வரும். கீழே உள்ள படத்தில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் நிற்கும். இவை இரண்டும் நம் நாட்டிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. பக்கத்து நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளமே அவற்றின் பேர்பெற்ற கூடுகட்டும் ஊர்களில் ஒன்று. பெரிதாக, வண்ணமாக, பக்கத்தில் நிற்பதால் அவை படத்தில் இடம்பிடிக்கின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்த கொசு உள்ளானோ ஒரு கைக்குள் அடங்கும் அளவுடையது, பழுப்பு நிறம், சேற்றோடு சேறாக இருக்கும். வலசையைக் காண விரும்புபவர் அதன்மீதுதான் பொறுமையைச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து.

மறுகாலில் மனிதரும் கொக்கும் அருகருகே நிற்பதைப் பற்றி முன்னே சொன்னேன். தேரூர்க் குளத்தில் தாமரை பறிப்பவர்கள் தண்ணீருக்குள் இறங்கி இலைகளுக்கு நடுவே செல்கிறார்கள். நீளவால் இலைக்கோழி அவர்களுக்குச் சிறிது தள்ளி இலைமேல் நடந்துகொண்டே இருக்கிறது. எருமை குளிப்பாட்டுபவர், வீச்சுவலை வீசுபவர், துணி துவைப்பவர் யாரைக் கண்டும் பறவைகள் எழுவதில்லை. கரையில் நேராக அவற்றை நோக்கி நடந்து வந்து, சட்டென்று நின்று, கருவியைக் கண்ணில் வைக்கும் ஒருவரைக் கண்டால் கூட்டம் முழுவதும் எழுந்துவிடுகிறது. பதுங்கி வந்து உற்றுப் பார்ப்பது வேட்டைக்காரன் செய்வது என்பதால் அவற்றின் அச்சத்தில் தவறில்லை. ஆகவே பறவையை நோக்கி நேராகப் போகாமல் சாய்வாக, வழிப்போக்கர் நடையில் போங்கள். பேசிக்கொண்டே போனாலும் பரவாயில்லை, பதுங்காதீர்கள். நிற்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே மெதுவாக நடந்து, உட்கார்ந்துகொள்ளுங்கள். பறவை மேய்வதை நிறுத்தித் தலைநிமிர்ந்தால் நாம் எல்லையைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். அங்கேயே நின்றுவிட வேண்டும். படத்துக்காகக் கூட்டத்தை எழுப்பிவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. திரும்பிப் போகும் பயணத்துக்கு அவை உடலில் சேர்க்கும் கொழுப்பு இந்தச் சேற்றிலிருந்தும் வயலிலிருந்துமே கிடைக்கிறது. ஒவ்வொரு வீண் பறத்தலும் அதிலிருந்து கழிகிறது.

யாரும் அருகில் இல்லாமல் குளம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தால் வானத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து கோரைமேல் தாழ்வாக, சிறகை மேல்நோக்கி லேசாக வளைத்துக்கொண்டு மிதந்து வரும். அது வந்தால் நாமக்கோழிகள் நெருக்கமாக ஒன்றுகூடும். வல்லூறு வந்தாலோ எழுந்த கூட்டம் நீரில் இறங்காமல் உயரே சுழன்றுகொண்டே இருக்கும்.

ஆற்றின் மேற்பகுதி வேறு உலகம். பூதப்பாண்டிக்கு மேலே பாறையும் ஓடையுமாக இருக்கும் இடங்களில் வயிறு மஞ்சளான சாம்பல் வாலாட்டி கல்லுக்குக் கல் தாவும். கரையோரத் தோப்புகளின் சருகில் கொடிக்கால் வாலாட்டி வாலை மேலும் கீழுமாக ஆட்டாமல் பக்கவாட்டில் ஆட்டும். இது ஒன்றே அதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டப் போதும். ஆறுமணிக்குருவி காலையிலும் மாலையிலும் புதருக்குள்ளிருந்து இரட்டைக் குரல் கொடுக்கும்; குரல் வந்த திசையில் காத்திருந்தால் சருகைப் புரட்டிக்கொண்டு வெளியே வரும்.

கருவிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. எட்டு மடங்கு பெருக்கும், 42 மில்லிமீட்டர் வில்லையுள்ள இருகண்நோக்கி ஆற்றங்கரைக்குப் போதும்; பத்து மடங்குக் கருவியில் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். மண் நிற உடை, தொப்பி, தண்ணீர், சேற்றில் வழுக்காத செருப்பு. மழைக்குப் பிந்தைய வரப்பு உள்ளே அரித்திருக்கும், பாம்பும் இருக்கும், கையில் ஒரு கம்பு நல்லது. சுசீந்திரத்தில் சாலையோரம் நிற்பவர்கள் முதுகுக்குப் பின்னால் பேருந்து போவதை மறந்துவிட வேண்டாம்.

கருவியைவிட முக்கியம் குறிப்பேடு. பறவையின் பெயருக்கு முன் இடம், நேரம், தண்ணீர் அளவு, பொழியின் நிலை, காற்று, திதி இவற்றை எழுதுவேன். பெருங்கூட்டத்தை எண்ணும்போது முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து கண்ணில் அடைக்கும் இடத்தை அளவாகக் கொண்டு கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பறக்கும்போது எண்ணினால் எப்போதும் கூடுதலாகவோ குறைவாகவோ போய்விடும். 1933இல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூரில் பறவைகளைக் கணக்கெடுத்தபோது நம் ஊர்களும் அந்தச் சமஸ்தானத்துக்குள்ளேயே இருந்தன. அன்று எழுதி வைத்ததால்தான் இன்று எது குறைந்தது, எது கூடியது என்று ஒப்பிட முடிகிறது. தை பிறக்கும் நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொண்டு, பறவைப் பதிவுகளைத் திரட்டும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் பட்டியலைப் பதிவேற்றுவது புதிதாய்த் தொடங்குபவருக்கு நல்ல வழி. கரையோரத்தில் கண்ணி, வலை கட்டியிருப்பதைக் கண்டால் நீங்களே அவிழ்க்கப் போகாமல் படம் எடுத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம்.

எனக்குப் பிடித்த மாதம் மாசி. கும்பப்பூ அறுவடைக்காக வயலில் நீர் வடிகிறது, பாசனம் குறைகிறது, குளங்கள் சுருங்குகின்றன, சிதறிக் கிடந்தவை எல்லாம் மிஞ்சிய நீரைத் தேடி ஒன்றுகூடுகின்றன. மழைக்காலத்தில் ஏமாந்து போன நண்பர்களை இப்போதுதான் திரும்ப வரச்சொல்வேன். பழுப்புத் தலைக் கடற்காகத்தின் வெள்ளைத் தலை பழுப்பேறத் தொடங்குவதும், மீசை ஆலாவின் வயிறு கறுப்பதும் இந்த வாரங்களில்தான். வாத்துகள் பங்குனியில் பெரும்பாலும் போய்விடும். உள்ளான்கள் சிலவும் தகைவிலான்களும் சித்திரை வரை இருக்கும். அதற்குள் பொழி மறுபடி அடைபட்டிருந்தால், அவற்றை மணக்குடியில் தேடாமல் உப்பளத்தில் தேடுங்கள்.